150 பவுண்டு ஊழியர் விருந்து: பிரிட்டனில் சிறு கம்பெனி நடத்துவோர் தடுக்கி விழும் இடங்கள்

கேட்கப்பட்டது இது. லண்டனில் ஒரு சிறு லிமிடெட் கம்பெனி. கணவனும் மனைவியும் இயக்குநர்கள், சம்பளப் பட்டியலில் இன்னும் பத்துப் பேர். டிசம்பரில் ஓர் உணவகத்தில் எல்லோருக்கும் அவரவர் துணையோடு விருந்து. ஜூலையில் ஒரு பார்பிக்யூ. "தலைக்கு 150 பவுண்டு வரை வரி இல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாருக்கு வரி இல்லை? பில்லில் உள்ள வாட் (மதிப்புக் கூட்டு வரி) திரும்பக் கிடைக்குமா? 150-ஐத் தாண்டினால் என்ன ஆகும்?

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிட வேண்டும். ஒரே உணவக பில்லுக்குள் மூன்று தனிக் கேள்விகள் இருக்கின்றன. அந்தச் செலவைக் கம்பெனியின் லாபத்திலிருந்து கழிக்கலாமா என்பது கார்ப்பரேஷன் டாக்ஸ் கேள்வி. வந்து சாப்பிட்ட ஊழியருக்கு அது சம்பளத்துக்கு மேல் கிடைத்த பலனாகி, அதற்கு வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் (அரசின் சமூகக் காப்பீட்டுக்காகக் கட்டும் பணம்) விழுமா என்பது இரண்டாவது. பில்லில் உள்ள வாட்டைத் திரும்பப் பெறலாமா என்பது மூன்றாவது. 150 பவுண்டு என்ற எண் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே உரியது. மற்ற இரண்டிலும் அதற்கு வேலையே இல்லை. "150-க்கு மேல் போனால் செலவைக் கணக்கில் காட்ட முடியாது" என்று நம்பிக்கொண்டு, நியாயமாகக் கழிக்க வேண்டிய செலவைக் கழிக்காமல் விட்டவர்கள் உண்டு. "150-க்குள்தானே" என்று வாடிக்கையாளரைக் கூட்டிப்போன பில்லை ஊழியர் விருந்தாக எழுதி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

கார்ப்பரேஷன் டாக்ஸ் பக்கம் சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். உபசாரச் செலவுகளைப் பொதுவாக லாபத்திலிருந்து கழிக்க விடமாட்டார்கள். ஆனால் கம்பெனி தன் சொந்த ஊழியர்களை உபசரிப்பதற்கு விலக்கு இருக்கிறது. தலைக்கு 80 ஆனாலும் 280 ஆனாலும் முழுச் செலவும் கழியும். ஊழியரோடு வரும் துணைவரின் சாப்பாடும் அந்த ஊழியர் விருந்தின் பகுதியாகவே போகும். கழியாமல் போவது ஒரு சூழலில்: விருந்தின் உண்மையான நோக்கம் வாடிக்கையாளர்களையோ சப்ளையர்களையோ உபசரிப்பது, ஊழியர்கள் அங்கே கவனித்துக்கொள்ள வந்தவர்கள் என்றால், ஊழியர்களின் தட்டுக்கான செலவும் சேர்ந்தே போய்விடும். தனிநபர் வியாபாரம் செய்பவர்களும் கூட்டாளிகளும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் உங்களுக்கே ஊழியர் அல்ல. உங்கள் ஊழியருக்கு வைக்கும் விருந்து கழியும். 150 பவுண்டு விலக்கு உங்கள் சொந்தத் தட்டுக்குப் பொருந்தாது. லிமிடெட் கம்பெனியின் இயக்குநர் கம்பெனியிடம் பதவி வகிப்பவர், ஆகவே அவருக்குப் பொருந்தும்.

இனி 150.

விலக்கு 2003-ஆம் ஆண்டின் வருமான வரி (சம்பளமும் ஓய்வூதியமும்) சட்டத்தின் 264-ஆம் பிரிவில் இருக்கிறது. மூன்று நிபந்தனைகள். விருந்து ஆண்டுதோறும் நடக்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். எல்லா ஊழியர்களுக்கும், அல்லது ஒரு குறிப்பிட்ட இடத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும், திறந்ததாக இருக்க வேண்டும். தலைக்கு ஆகும் செலவு 150 பவுண்டைத் தாண்டக் கூடாது. கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் முதல் இரண்டில் தவறினால், தலைக்கு 20 பவுண்டே ஆனாலும் இந்த விலக்கு கிடையாது.

ஆண்டுதோறும் என்றால் கிறிஸ்துமஸ் விருந்து, கோடைக் கொண்டாட்டம், தீபாவளி விருந்து போன்றவை. கம்பெனி தொடங்கி 25 ஆண்டு ஆனதற்கு வைக்கும் விருந்து, புதுக்கடைத் திறப்பு, பெரிய ஒப்பந்தம் கிடைத்ததற்கான கொண்டாட்டம் எல்லாம் ஒரே தடவை நடப்பவை, அவை சேராது. இந்த வருடம்தான் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கிறீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த ஆண்டும் வைக்கும் எண்ணத்தோடு தொடங்கியது என்று காட்ட முடிந்தால் போதும். அழைப்பில் "ஆண்டு விருந்து" என்று எழுதுவது சின்ன விஷயம், ஆனால் பிற்பாடு கை கொடுக்கும்.

திறந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் வந்தே தீர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. எல்லோரையும் அழைத்திருக்க வேண்டும். இயக்குநர்களும் மேலாளரும் மட்டும் போய்ச் சாப்பிட்டது இதில் வராது. பகுதிநேரமாக சனிக்கிழமை மட்டும் வரும் மாணவர், மகப்பேறு விடுப்பில் இருப்பவர் ஆகியோருக்கும் அழைப்பு போயிருக்க வேண்டும். விடுபடுவது பெரும்பாலும் இவர்கள்தான். ஹாரோவில் ஒரு கடை, லெஸ்டரில் ஒரு கிடங்கு என்று இரண்டு இடம் இருந்தால், ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி விருந்து வைக்கலாம். அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் திறந்திருந்தால் சரி.

கணக்குப் போடும் இடத்துக்கு வருவோம். பணம் போவது இங்கேதான். மொத்தச் செலவை வந்தவர்கள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மொத்தச் செலவு என்றால் சாப்பாடு, பானம், ஹால் வாடகை, இசை, அலங்காரம், இரவு வீட்டுக்குப் போக டாக்ஸி, தங்கினால் ஹோட்டல் அறை எல்லாம் சேர்த்து, வாட்டோடு. வாட்டைத் திரும்பப் பெறப்போகிறீர்கள் என்றாலும் இந்தக் கணக்கில் வாட்டோடுதான் பார்க்க வேண்டும். வகுக்கும் எண் அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட எல்லோரும்: ஊழியர், இயக்குநர், துணைவர், விருந்தினர். அழைத்தவர்கள் எண்ணிக்கை அல்ல. நம் ஊர்ப் பந்தியில் இலை எண்ணுவது போல. போடாத இலைக்குக் கணக்கு இல்லை.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு ஊழியர் (இயக்குநர்கள் இருவரும் அதில் அடக்கம்), பன்னிரண்டு துணைவர், மொத்தம் 24. உணவகம் சொன்ன விலை மெனுவும் பானமும் சேர்த்து, வாட் உட்பட, தலைக்கு 135 பவுண்டு. மொத்தம் 3,240. பத்திரமாக 150-க்குள் என்று நினைத்து முன்பணம் கட்டிவிடுகிறீர்கள். விருந்தன்று பில்லின் அடியில் 12.5% சர்வீஸ் சார்ஜ் ஏறுகிறது. லண்டனில் இது சர்வ சாதாரணம். 3,645 ஆகிவிட்டது. 24-ஆல் வகுத்தால் 151.88. வெறும் ஒரு பவுண்டு 88 பென்ஸ் மிகை.

இப்போது வரி விழுவது அந்த 1.88-க்கு அல்ல, முழு 151.88-க்கும். இதை அலவன்ஸ் என்று புரிந்துகொண்டவர்கள் எல்லோரும் அடி வாங்குவது இங்கேதான். இது கழிவுத் தொகை அல்ல. ஒரு கோடு, தாண்டினால் எதுவும் மிஞ்சாது. போதாதென்று, துணைவரின் பங்கும் ஊழியர் பெயரில்தான் ஏறும். துணைவரோடு வந்த ஒவ்வொருவருக்கும் 303.75 பவுண்டு பலன் கிடைத்ததாகக் கணக்கு.

வராதவர்களாலும் இதே விபத்து நடக்கும். சர்வீஸ் சார்ஜே இல்லை, 24 பேருக்கு 3,240 உறுதி செய்துவிட்டீர்கள், உணவகம் ஆள் குறைந்தாலும் முழுத் தொகையை வாங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 பேர் வந்தால் தலைக்கு 147.27, தப்பித்தீர்கள். 21 பேர் வந்தால் 154.29. டிசம்பரில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வருவது அதிசயமா என்ன? அதனால் திட்டமிடும்போது 150-ஐக் குறிவைக்காதீர்கள். சர்வீஸ் சார்ஜ், டாக்ஸி எல்லாம் சேர்த்து, பத்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்து, அதற்குப் பிறகும் 140-க்குள் நிற்கிறதா பாருங்கள். பானம்தான் கட்டுக்கு அடங்காதது. உணவகத்திடம் முன்கூட்டியே ஒரு தொகை சொல்லி, அதற்கு மேல் குடிப்பவர்கள் அவரவர் கையிலிருந்து கட்ட ஏற்பாடு செய்யுங்கள். கம்பெனி செலவழிக்காத பணம் கம்பெனியின் விருந்துச் செலவில் வராது.

சொந்த உணவகம் நடத்துபவர்கள் தங்கள் கடையிலேயே விருந்து வைத்தால் மெனு கார்டு விலையை எடுக்க வேண்டாம். பொருள் செலவு, அன்றைக்குக் கூடுதலாகக் கொடுத்த கூலி என்று கம்பெனிக்கு உண்மையில் கூடுதலாக ஆன செலவுதான் கணக்கு. இவர்களுக்கு 150 ஒரு பிரச்சினையே ஆகாது.

இரண்டு விருந்துகள் விஷயம். 150 என்பது ஒரு விருந்துக்கு அல்ல, ஒரு வரி ஆண்டுக்கு. பார்பிக்யூ தலைக்கு 45, டிசம்பர் விருந்து தலைக்கு 100 என்றால் சேர்ந்து 145, இரண்டும் தப்பின. பார்பிக்யூ 60, டிசம்பர் 100 என்றால் 160. இரண்டையும் சேர்த்து உள்ளே நுழைக்க முடியாது. ஆனால் எதை உள்ளே வைப்பது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். 100-ஐ விலக்குக்குள் வைத்து, 60-க்கு மட்டும் வரி பார்த்துக்கொள்வதுதான் புத்தி. மீதமிருக்கும் 50-ஐ அந்த 60-லிருந்து கழிக்க முடியாது. ஒரு விருந்து முழுதாக உள்ளே போகும், இல்லை முழுதாக வெளியே நிற்கும்.

வரி ஆண்டு ஏப்ரல் 6-இலிருந்து அடுத்த ஏப்ரல் 5 வரை. கம்பெனியின் கணக்கு ஆண்டு எப்போது முடிந்தாலும் இதற்குச் சம்பந்தம் இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளாத கணக்குப்பிள்ளை குறைவு. பணம் கட்டிய நாளையும் பார்க்க வேண்டாம், விருந்து நடந்த நாள்தான் கணக்கு. நம்மவர் கம்பெனிகளுக்கு இதில் ஒரு நாட்காட்டிச் சிக்கல் இருக்கிறது. தீபாவளி, கிறிஸ்துமஸ், தைப்பொங்கல் மூன்றும் ஒரே வரி ஆண்டுக்குள் வந்து விழுகின்றன. மூன்றுக்கும் விருந்து வைத்தால் ஒரே 150-ஐத்தான் பங்கு போட வேண்டும். சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14. அது அடுத்த வரி ஆண்டின் தொடக்கம். பொங்கல் விருந்தை விட்டுவிட்டுப் புத்தாண்டுக்கு வைத்தால் புது 150 கிடைக்கும். ஆனால் அதே ஆண்டு பின்னால் வரும் தீபாவளியும் கிறிஸ்துமஸும் அதோடுதான் போட்டியிடும், மறக்க வேண்டாம்.

150-க்கு வெளியே நிற்கும் சிறிய விருந்துக்கு இன்னொரு கதவு உண்டு: சில்லறைப் பலன் விலக்கு. ஓர் ஊழியருக்கு வாட்டோடு 50 பவுண்டுக்கு மிகாமல் ஆக வேண்டும். பணமாகவோ பணமாக மாற்றக்கூடிய வவுச்சராகவோ இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதியதாகவோ சம்பளத்தில் பிடித்ததாகவோ இருக்கக் கூடாது. அவர் செய்த வேலைக்கான பரிசாகவும் இருக்கக் கூடாது. பார்பிக்யூவின் சராசரிச் செலவு தலைக்கு 45 என்றால் அதை இந்தக் கதவு வழியாக அனுப்பிவிட்டு, 150 முழுவதையும் டிசம்பருக்கு வைத்துக்கொள்ளலாம். துணைவர்கள் வந்தால் அவர்கள் பங்கும் ஊழியர் பலனோடு சேரும் என்பதால், 50-க்குள் நிறுத்த வேண்டுமானால் பார்பிக்யூவை ஊழியரோடு மட்டும் வைப்பது நல்லது. இதிலும் 50 ஒரு கோடுதான். 51 ஆனால் முழுதும் போச்சு. "மாதம் முழுக்கக் கடுமையாக உழைத்ததற்கு நன்றி" என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டு விருந்து வைத்தால், அது வேலைக்கான பரிசு ஆகிவிடும். சொற்களில் கவனம் தேவை.

இயக்குநர்களுக்கு இந்தச் சில்லறை விலக்கில் ஒரு மேல்வரம்பு இருக்கிறது. ஐந்து பேரோ அதற்குக் குறைவானவர்களோ கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கம்பெனி என்றால் (குடும்பக் கம்பெனி பெரும்பாலும் இதுதான்), ஒவ்வோர் இயக்குநருக்கும் ஆண்டுக்கு மொத்தம் 300 பவுண்டுதான். குடும்பத்தாருக்குக் கொடுத்ததும் அதிலேயே சேரும். அவர்களில் யாராவது அதே கம்பெனியின் ஊழியராகவோ இயக்குநராகவோ இருந்தால் அவருக்குத் தனி 300 உண்டு.

செய்யக் கூடாத ஒட்டுவேலை ஒன்று. விருந்து தலைக்கு 170 ஆகிவிட்டது, 150 ஆண்டு விருந்து விலக்கு, மீதி 20 சில்லறைப் பலன் என்று பிரிப்பது செல்லாது. ஒரே விருந்தை இரண்டு விலக்குக்குள் வெட்டிப் போட முடியாது. அதே இரவில் கொடுக்கும் 20 பவுண்டு பரிசுப் பொட்டலம் வேறு. அதைத் தனி பில்லாக வாங்கி, தனியாக எழுதி வைத்தால் சில்லறைப் பலனாகப் போகும். வரமுடியாத ஊழியருக்கு "உன் பங்கு" என்று 150 பவுண்டைக் கையில் கொடுப்பது சுத்தமான சம்பளம். பேரோலில் வரி பிடிக்க வேண்டியது.

சரி, தாண்டிவிட்டது. இப்போது இரண்டு வழி.

ஒன்று, சம்பளத்துக்கு மேல் கிடைத்த பலன்களைத் தெரிவிக்கும் பி11டி படிவத்தில் ஒவ்வோர் ஊழியர் பெயரிலும் காட்டுவது. அதை ஜூலை 6-க்குள் அனுப்ப வேண்டும். இத்தகைய பலன்களுக்கு முதலாளி கட்டும் கிளாஸ் 1ஏ நேஷனல் இன்சூரன்ஸைக் கம்பெனி 15% கட்டும். ஆன்லைனில் கட்டினால் கெடு ஜூலை 22. நம் எடுத்துக்காட்டில் 3,645-க்கு 546.75 பவுண்டு. வருமான வரியை ஊழியர் கட்டுவார்: துணைவரோடு வந்தவருக்கு 20% என்றால் 60.75, 40% என்றால் 121.50. அவருடைய டாக்ஸ் கோடு மாறி, மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுச் சாப்பிடவைத்து, பில்லின் ஒரு பகுதியை அவர் தலையிலேயே கட்டிய மாதிரி. சட்டப்படி தவறே இல்லை. ஆனால் அடுத்த டிசம்பரில் யார் வருவார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது, ஊழியரைத் தொடாமல் கம்பெனியே எல்லா வரியையும் கட்டிவிடுவது. இதற்கு பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யோடு பே செட்டில்மென்ட் ஒப்பந்தம் போட வேண்டும், பி.எஸ்.ஏ. என்பார்கள். ஊழியருக்கான வரியைக் கம்பெனி கட்டுவதும் ஒரு பலன்தானே, அதற்கும் வரி உண்டு. அதனால் தொகையை மேல்நோக்கிப் பெருக்க வேண்டும். எல்லோரும் 20% வரிப் படியில் இருப்பதாக வைத்தால்: 3,645-ஐ 80-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்க, வருமான வரி 911.25. இரண்டையும் கூட்டிய 4,556.25-க்கு, பி.எஸ்.ஏ.வுக்கென்றே உள்ள கிளாஸ் 1பி நேஷனல் இன்சூரன்ஸ் 15%, அதாவது 683.44. மொத்தம் 1,594.69 பவுண்டு. தலைக்கு 1.88 மிகைக்கு இவ்வளவு. அதாவது 45 பவுண்டை சர்வீஸ் சார்ஜில் குறைத்திருந்தால் கிட்டத்தட்ட 1,600 மிஞ்சியிருக்கும். இயக்குநர்கள் 40% படியில் இருந்தால் அவர்கள் பங்கை 60-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்க வேண்டும், இன்னும் ஏறும். ஸ்காட்லாந்தில் வரி கட்டும் ஊழியர் இருந்தால் அங்குள்ள வரிப் படிகளை எடுக்க வேண்டும்.

பி.எஸ்.ஏ. கேட்க வேண்டிய கடைசி நாள் வரி ஆண்டு முடிந்த பின் வரும் ஜூலை 5. 2025 டிசம்பர் விருந்துக்கு 2026 ஜூலை 5. பணம் கட்ட, மின்னணு வழியில், அக்டோபர் 22. ஒரு தடவை போட்ட ஒப்பந்தம் நீங்களோ அவர்களோ நிறுத்தும் வரை தொடரும், ஆண்டுதோறும் புதிதாகக் கேட்க வேண்டாம். கணக்கை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அனுப்ப வேண்டும். ஜூலை 5-ஐத் தவறவிட்டால் அந்த ஆண்டுக்கு பி11டி வழிதான், அதற்கோ ஒரே ஒரு நாள்தான் மிச்சம். ஆகவே டிசம்பர் பில்லை டிசம்பரிலேயே வகுத்துப் பார்த்துவிடுங்கள். ஜூனில் கணக்காளர் கேட்கும்போது யார் யார் வந்தார்கள் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

வாட் பக்கம் விதி வேறு, தர்க்கமும் வேறு. ஊழியரை மகிழ்விக்க ஆன செலவின் வாட்டைத் திரும்பப் பெறலாம். 150 வரம்பு இங்கே இல்லை. ஆனால் ஊழியர் அல்லாதவர்களின் பங்கு கிடையாது. மேலே சொன்ன 3,240-க்குள் இருக்கும் வாட் 540. (உண்மையிலேயே விருப்பத்துக்கு விட்ட சர்வீஸ் சார்ஜில் வாட் இல்லை.) 24 பேரில் 12 பேர் ஊழியர், ஆக 270 மட்டும் திரும்பப் பெறலாம். துணைவர், ஓய்வுபெற்ற பழைய ஊழியர், வேலை எதுவும் செய்யாத பங்குதாரர் எல்லோரும் விருந்தினர் கணக்கு. விருந்தினரிடம் கட்டணம் வாங்கினால் நிலைமை மாறும்: வாங்கிய தொகைக்கு வாட் கட்டிவிட்டு, அவர்கள் பங்கின் வாட்டையும் கேட்கலாம். சின்ன கம்பெனியில் அந்தக் கணக்கு எழுதும் தொல்லைக்கு 270 பவுண்டு தகுமா என்பதை நீங்களே பாருங்கள்.

இயக்குநர்கள் மட்டும் சாப்பிட்டால் வாட் கிடையாது. மற்ற ஊழியரோடு சேர்ந்து உட்கார்ந்தால் இயக்குநரின் பங்குக்கும் உண்டு. பிளாட் ரேட் திட்டத்தில் (விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வாட்டாகக் கட்டும் முறை) இருக்கும் கம்பெனிக்கு விருந்து வாட் பேச்சே இல்லை. கார்டு மெஷினில் வரும் துண்டுச்சீட்டு வாட் பில் ஆகாது. 250 பவுண்டுக்கு மேற்பட்ட பில் என்றால், கம்பெனியின் பெயர், முகவரியோடு முழு வாட் இன்வாய்ஸ் கேட்டு வாங்க வேண்டும். விருந்து முடிந்து இரண்டு மாதம் கழித்து உணவகத்துக்குப் போன் போட்டால் கிடைப்பது கஷ்டம். அன்றைக்கே, இன்னும் நல்லது முன்பதிவின்போதே, சொல்லிவிடுங்கள்.

கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கும் கம்பெனிகள் அடிக்கடி கேட்பது: எங்களுக்கும் இது உண்டா? உண்டு. எல்லா ஊழியருக்கும் திறந்த ஆண்டு விருந்து என்ற நிபந்தனை இருவர் கம்பெனியிலும் நிறைவேறும். இருவரும் சம்பளப் பட்டியலில் இருந்தாலும் சரி, ஒருவர் மட்டும் இயக்குநர், மற்றவர் துணையாக வந்தவர் என்றாலும் சரி, இரண்டு தலைக்கு 300 வரை பலன் வரி இல்லை. இயக்குநர் தவிர வேறு ஊழியர் இல்லை என்றால் வாட் மட்டும் திரும்பக் கிடையாது. ஆனால் அது உண்மையிலேயே கம்பெனியின் ஆண்டு விருந்தாக இருக்க வேண்டும். திருமண நாள் சாப்பாட்டையும் பிள்ளையின் பிறந்தநாளையும் கொண்டுவந்து இதில் ஒட்டினால், வியாபாரத்துக்காக மட்டுமே ஆன செலவு என்று நிரூபிக்க முடியாது, கழிவும் போகும். பில்லில் உள்ள தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

வாடிக்கையாளர் ஓரிருவர் ஊழியர் விருந்துக்கு வந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடாது. அவர்கள் பங்கைப் பிரித்து, லாபத்திலிருந்து கழிக்காமல், வாட்டும் கேட்காமல் விட்டால் மீதி நிற்கும். தலைக்கு வகுக்கும்போது அவர்களும் எண்ணிக்கையில் உண்டு. ஆனால் இருபது வாடிக்கையாளரும் ஆறு ஊழியரும் இருந்த மேசையை ஊழியர் விருந்து என்று எழுதாதீர்கள்.

கோப்பில் வைக்க வேண்டியவை: எல்லோருக்கும் அனுப்பிய அழைப்பு மின்னஞ்சல், வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் (யார் ஊழியர், யார் விருந்தினர் என்ற குறிப்போடு), உணவகத்தின் இன்வாய்ஸ், டாக்ஸி, ஹால் பில்கள், மொத்தத்தைத் தலைக்கு வகுத்து ஒரே வரியில் எழுதிய குறிப்பு. விருந்து நடந்த கணக்கு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டு இவற்றை வைத்திருக்க வேண்டும். கணக்கு மென்பொருளில் ஊழியர் விருந்துக்கு ஒரு தலைப்பும் வாடிக்கையாளர் உபசாரத்துக்கு வேறொரு தலைப்பும் தனித்தனியாகத் திறந்துவையுங்கள். இரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டிவைத்தால், வருடக் கடைசியில் கணக்காளர் பாதுகாப்புக்காக மொத்தத்தையும் கழிக்காமல் விட்டுவிடுவார், அந்த வரி உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும்.